ஒன்றாம் சேனல்

கம்பளக் கடையின் மாடிக்குப் போகும் படிகள் செங்குத்தாக இருந்தன. மிக்சர் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஏறியவளுக்குப் பாதி வழியிலேயே மூச்சு வாங்கியது. பெட்டியைப் படியில் இறக்கிவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றாள். பின்னால் கீபோர்டைத் தோளில் சுமந்துகொண்டு வந்த தம்பியும் நிற்க வேண்டியதாயிற்று.

"என்னக்கா, நின்னுட்டே?"

"இங்கேயே பாயை விரிச்சுப் படுத்துடலாமான்னு யோசிக்கிறேன்டா."

"படு. ஆனா என் கீபோர்டுக்கு வழி விட்டுட்டுப் படு."

அவளைக் குழுவில் எல்லோரும் பெட்டிக்காரி என்பார்கள். மேடைக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து ஒலிபெருக்கிகளை நிறுத்துகிறவள் அவள். எல்லோரும் கைகுலுக்கிவிட்டுப் போன பிறகு கேபிள்களைச் சுற்றிக் கட்டிக்கொண்டு கடைசியாகக் கிளம்புகிறவளும் அவளே. காலையில் கூரியர் அலுவலகத்தில் பார்சல் பிரிக்கும் வேலை, மாலையில் இது. பாட்டு நன்றாக இருந்தால் பாடினவளுக்குப் பேர். மைக் கீச்சிட்டால் பெட்டிக்காரிக்குத் திட்டு. அவள் புருஷன் கல்யாணமான புதிதில், "இதெல்லாம் எத்தனை நாளைக்கு?" என்று கேட்டார். இன்னமும் அதையே கேட்டுக்கொண்டிருக்கிறார்.

குழு என்றால் பெரிய குழு இல்லை. தங்கை பாடுவாள். தம்பி கீபோர்டு. தங்கை புருஷன் எலெக்ட்ரானிக் டிரம்ஸ். அலுவலக ஆண்டு விழா, ஓட்டல் வரவேற்பு, பிறந்தநாள் என்று யார் கூப்பிட்டாலும் போவார்கள். தங்கைக்கு வீட்டில் வைத்த பேர் ஒன்று இருந்தது; அதை இப்போது யாரும் சொல்வதில்லை. வாயாடி என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். இரண்டு பாட்டுக்கு நடுவில் அவள் பேசுகிற பேச்சுக்காகவே சிலர் இவர்களைக் கூப்பிட்டார்கள்.

அந்த வாயாடியின் கழுத்தில்தான் கட்டி வந்திருந்தது. கண்ணாடி முன்னால் பொட்டு வைக்கும்போது எச்சில் விழுங்கியிருக்கிறாள். கோலிக்குண்டு போல ஏதோ ஏறி இறங்கியது. தைராய்டு என்றார்கள். ஊசி குத்தி எடுத்துப் பார்த்துவிட்டு, சந்தேகமாக இருக்கிறது, எடுத்துவிடுவதுதான் நல்லது என்றார்கள். அறுவைச் சிகிச்சை செய்யப்போகிற டாக்டர் நிதானமான மனிதர். "குரலை அசைக்கிற நரம்பு அந்தக் கட்டிக்குப் பின்னாலேயே ஓடுதும்மா. ஜாக்கிரதையாத்தான் பண்ணுவோம். பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. ஆனா சொல்லாம இருக்கக்கூடாது இல்லையா?" என்றார்.

"என் குரல் போச்சுன்னா என் வீட்டுக்காரர் உங்கள கையெடுத்துக் கும்பிடுவார் டாக்டர்" என்றாள் வாயாடி. டாக்டர் சிரித்தார். அவள் புருஷன் சிரிக்கவில்லை. வெளியே வந்ததும் தம்பியிடம், "இத்தனை வருஷமா அஞ்சரைக் கட்டையில கத்தினேன்ல, கட்டை போயி கட்டி வந்துடுச்சுடா" என்று அதற்கும் ஒரு ஜோக் சொன்னாள்.

திங்கட்கிழமை ஆபரேஷன். அதற்கு முன்னால் தனக்குப் பிடித்த பாட்டுகளை ஒழுங்காகப் பதிவு செய்துவிட வேண்டும் என்று வாயாடி கேட்டாள். யாருக்கும் விற்க இல்லை, எங்கேயும் போட இல்லை, சும்மா, இருக்கட்டும். அவள் புருஷன் இந்தக் கம்பளக் கடையில்தான் விற்பனையாளர். வார விடுமுறை நாளில் மாடிக் கிடங்கைத் திறந்துகொள்ள முதலாளி சம்மதித்தார். நாலு சுவரையும் மறைத்துக் கம்பளச் சுருள்கள் ஆள் உயரத்துக்கு நின்றன. கை தட்டினால் சத்தம் அங்கேயே செத்து விழுந்தது. "காசு கொட்டிக் கட்டின ஸ்டூடியோகூட இப்படி அமையாது அண்ணி" என்றார் அவர், பெருமையாக. தூசி மட்டும் தும்மலை வரவழைத்தது.

மிக்சரை ஒரு மேசைமேல் வைத்து, ஒரே ஒரு யூ.எஸ்.பி. கேபிளால் தம்பியின் லேப்டாப்போடு இணைத்தாள். மேடையில் இந்த மிக்சரை அவள் கண்ணை மூடிக்கொண்டு இயக்குவாள். பதிவு செய்வது வேறு கதை. திரையைத் தொட்டதும் அது கேள்வி கேட்டது: லேப்டாப்புக்கு எத்தனை சேனல் அனுப்பட்டும்? இரண்டா, எட்டா, முப்பத்திரண்டா?

"ரெண்டு போடு" என்றான் தம்பி. "எல்லாத்தையும் நீ இங்கேயே கலந்துடு. இடது ஒண்ணு, வலது ஒண்ணு. பாடினோமா, முடிச்சோமா, போனோமா."

"அப்புறம் வீட்டுல போய்க் கேக்கும்போது கீபோர்டு அதிகமா இருக்குன்னு தோணுச்சுன்னா?"

"குறைச்சுக்கலாம்."

"எப்படிக் குறைப்பே? தண்ணியில கரைச்ச சர்க்கரைய விரல விட்டு எடுப்பியா? கலந்தது கலந்ததுதான்டா. உன்னைக் குறைச்சா அவளும் சேர்ந்து குறைவா."

"அப்ப முப்பத்திரண்டு போடு. ஆளுக்கொரு சேனல் போக அக்கம்பக்கத்து வீட்டுக்காரங்களுக்கும் கொடுக்கலாம்."

அவன் கேலியாகச் சொன்னதை அவள் செய்து பார்த்தாள். லேப்டாப்பின் காற்றாடி இரைய ஆரம்பித்தது. தம்பி இரண்டு சுரம் வாசித்தான். ஹெட்போனில் காய்ந்த எண்ணெயில் கடுகு விழுந்தது போலப் பொரிந்தது. பழைய லேப்டாப், அத்தனையையும் ஒரே நேரத்தில் விழுங்க அதனால் முடியவில்லை.

"என் லேப்டாப்பைக் கொல்லாதக்கா. இதுக்கே ஆயுசு முடிஞ்சு போச்சு."

"நமக்கும்தான்" என்று சொல்லிவிட்டு எட்டைத் தேர்ந்தெடுத்தாள். பொரிவது நின்றது. ஒன்றாம் சேனல் தங்கையின் மைக். இரண்டும் மூன்றும் கீபோர்டு. நாலும் ஐந்தும் டிரம்ஸ். ஆறாவதற்கு, அறையின் நடுவில் உயரமாக ஒரு மைக்கைத் தொங்கவிட்டாள். மீதி இரண்டும் சும்மா கிடக்கட்டும்.

அதோடு முடியவில்லை. அடுத்த கேள்வி: சத்தத்தை எந்த இடத்தில் பிடித்து அனுப்புவது? அவள் கூட்டிக் குறைத்து, எக்கோ சேர்த்து அலங்கரித்த பிறகா, அல்லது மைக்கிலிருந்து வந்த கையோடு அப்படியேவா? மேடையில் அவள் விரல் ஓயாது ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கும். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் ஏதாவது ஒன்றைத் தவறாக இழுத்துவிட்டால் பதிவும் கெட்டுவிடும். உடம்பு இருக்கிற இருப்பில் அவளுக்குத் தன் கையின்மேலேயே நம்பிக்கை இல்லை. அப்படியே போகட்டும் என்று முடிவு செய்தாள். இனி அவள் எதை ஏற்றினாலும் இறக்கினாலும் அடைத்தாலும் அது மற்றவர்கள் காதுக்குத்தான். லேப்டாப்புக்குப் போவது வந்தது வந்தபடி.

"எக்கோ இல்லாமலா?" வாயாடி பதறினாள். "எக்கோ இல்லாம என் குரல் மொட்டையடிச்ச மாதிரி இருக்குமேக்கா."

"உன் காதுல எக்கோ வரும்டி. பதிவுல வராது. அப்புறம் வீட்டுல வச்சு உனக்கு வேணுங்கிற அளவு சடை பின்னிப் பூ வச்சு விடறேன்."

சோதனைக்காக ஒரு பாட்டின் முதல் இரண்டு வரியைப் பாடினாள். பதிவைத் திருப்பிப் போட்டார்கள். எல்லோர் ஹெட்போனிலும் வந்தது வாயாடியின் குரல் இல்லை. கனத்து, இழுத்து, தூக்கத்தில் எழுந்தவள் பாடுவது போல ஒன்று.

"இது யாரு? எங்க பெரியப்பாவா?" என்றாள் அவள். தம்பி சிரித்து மேசையைத் தட்டினான். புருஷனும் சிரித்தார். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சிரிப்பு சட்டென்று எங்கேயோ போய்விட்டது.

பெட்டிக்காரி அவசரமாகத் திரையை நோண்டினாள். மிக்சர் சத்தத்தைத் துண்டு துண்டாக்கி ஒரு வேகத்தில் எண்ணி அனுப்புகிறது. லேப்டாப் அதைவிட மெதுவாக எண்ணித் திருப்பித் தருகிறது. இரண்டையும் ஒரே எண்ணில் வைக்க மறந்திருந்தாள். மேடையில் லேப்டாப்புக்கு வேலையே இல்லாததால் அவளுக்கு இந்தத் தொல்லை வந்ததில்லை. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, செட்டிங் தப்பு" என்று இரண்டு மூன்று தடவை சொன்னாள். சரி செய்து மறுபடி போட்டபோது தங்கையின் சொந்தக் குரல் பளிச்சென்று வந்தது. "ஆரம்பிக்கலாம்" என்றார் புருஷன்.

மதியம் முழுவதும் பாடினார்கள். வாயாடி நன்றாகவே பாடினாள். மேடையில் கையை வீசி, கண்ணைச் சிமிட்டி, கூட்டத்தை வளைத்துப்போடும் வேலையெல்லாம் இல்லை. ஒரு முக்காலியில் உட்கார்ந்து, கம்பளச் சுருள்களைப் பார்த்துக்கொண்டு பாடினாள். உச்சத்துக்குப் போகும் இடங்களில் பெட்டிக்காரியின் கை தானாகச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை நோக்கிப் போனது. அவசியமில்லை என்று நினைவு வந்து திரும்பியது. இவள் குரல் எங்கே ஏறும், எங்கே மூச்சுக்கு நிற்கும் என்று அந்தக் கைக்குப் பாடமாகியிருந்தது.

இடைவெளிகளில் வாயாடியின் வாய் ஓயவில்லை. தம்பி தப்பாக வாசித்ததைப் பற்றி, முதலாளியின் வழுக்கையைப் பற்றி, எந்தக் கம்பளத்தை எடுத்துக்கொண்டு போனால் தெரியாது என்பதைப் பற்றி. கடைசிப் பாட்டுக்கு நடு இசை ஒன்று சிக்கலாக இருந்தது. தம்பியும் தங்கை புருஷனும் அதைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பழகினார்கள். இவள் பேச்சு அவர்கள் காதில் இரைந்துகொண்டே இருந்தது.

"அக்கா, கும்பிடறேன், அவள கொஞ்ச நேரம் மூடு" என்றான் தம்பி. "கணக்கே தப்புது."

"அவனுக்கு என்னைக்குக் கணக்கு வந்துச்சு?" என்றாள் வாயாடி. பெட்டிக்காரி சிரித்துக்கொண்டே ஒன்றாம் சேனலின் பட்டனை அமுக்கினாள். பட்டன் சிவந்தது. ஆண்கள் இருவரும் நிம்மதியாக வாசிப்பில் தலையைக் கவிழ்த்தார்கள். ஹெட்போன் போட்டிருந்த அவர்களுக்கு இனி வாயாடி ஊமை.

பதிவு ஓடிக்கொண்டுதான் இருந்தது. நிறுத்த எழுந்திருக்க வேண்டுமே என்ற அலுப்பில் அவள் அதை விட்டுவிட்டாள். கண் சொக்கியது. லேப்டாப் திரையில் ஆறு கோடுகளும் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், ஒன்றாம் கோடு லேசாகத் துடிப்பதைக் கவனித்தாள். தங்கை பாடவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு, மைக்குக்கு நேராகக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். கேபிளில் ஏதாவது இரைச்சலோ என்று அந்தச் சேனலை மட்டும் தன் ஹெட்போனில் தனியாகத் திறந்தாள்.

இரைச்சல் இல்லை. தங்கை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவள் இப்படிப் பேசி அக்கா கேட்டதே இல்லை. ஜோக் இல்லை, இழுப்பு இல்லை.

"போகமாட்டேன். திங்கக்கிழமை நான் போகமாட்டேன். காலையில எந்திரிச்சு எங்கேயாவது போயிடறேன். என்ன பண்ணுவாங்க? கட்டித் தூக்கிட்டா போவாங்க? எனக்கு வேணாம். எனக்கு இது போதும்."

பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு மறுபடியும் அதே, "போகமாட்டேன்."

பெட்டிக்காரி ஹெட்போனைக் கழற்றவில்லை. கழற்றினால் அது இல்லை என்று ஆகிவிடுமா? அறையில் தங்கை புருஷன் குச்சியால் தட்டும் டொக் டொக் மட்டும் கேட்டது. தம்பி தலையாட்டிக்கொண்டு வாசித்தான். கையெட்டும் தூரத்தில் இருந்த இரண்டு பேருக்கும் தெரியாது. அவளுக்கு முதலில் வந்தது பயம் இல்லை, எரிச்சல். இதையும் நான்தான் கேட்க வேண்டுமா? இதையும் நான்தான் சரிசெய்ய வேண்டுமா?

எழுந்து பதிவை நிறுத்தினாள். "லேப்டாப் சூடாயிடுச்சு. கால் மணி நேரம் மூச்சு விடட்டும்" என்று அறிவித்துவிட்டு, தங்கையின் தோளைத் தொட்டாள். "வா, கீழ போய்க் காத்து வாங்கலாம்."

படியின் நடுவில் உட்கார்ந்தார்கள். கீழே தெருவில் ஒரு லாரி பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. யாரோ "வா வா வா, போதும்" என்று கத்தினார்கள்.

"மைக்குல என்னடி சொன்னே?"

"நானா? என்னத்தான் மூடிட்டியே."

"அவங்க காதுக்கு மூடினேன். பெட்டிக்கு மூடல."

வாயாடி கீழே லாரியைப் பார்த்தாள். பிறகு, "ஒட்டுக்கேட்டியா?" என்றாள்.

"ஆமா. வருஷக்கணக்கா உன்ன ஒட்டுக்கேட்டுத்தானே நான் சோறு திங்கறேன்."

"எனக்கு ஒரு வலியும் இல்லக்கா. சாப்பிடறேன், தூங்கறேன், இன்னைக்குப் பாடினேன் பாத்தியா? எங்கேயாவது பிசிறு தட்டுச்சா? இதைப் போயி அறுக்கணுமா?"

"ஊசி போட்டுப் பாத்தாங்களே, அதுல என்ன வந்துச்சு?"

"சந்தேகம்னு வந்துச்சு."

"சந்தேகம்னா?"

"சந்தேகம்னா சந்தேகம்தான்."

"அதை உள்ள வச்சுக்கிட்டுப் பாடப்போறியா?"

"பாடுவேன்."

"எத்தனை நாள்?"

தங்கை சேலை முந்தானையை விரலில் சுற்றினாள், பிரித்தாள். "உனக்கென்ன, உனக்குப் பெட்டி இருக்கு. அவனுக்குக் கீபோர்டு. அவருக்குக் குச்சி, இல்லன்னா கம்பளம். எனக்கு இது ஒண்ணுதான்" என்று கழுத்தைத் தொட்டாள். "இதுவும் போச்சுன்னா உங்க கூட வந்து நான் என்ன பண்ண? கேபிள் சுத்தவா?"

சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே கேட்டது.

"ஏன், கேபிள் சுத்தினா என்ன?" என்றாள் அக்கா.

"உன்னச் சொல்லலக்கா."

"என்னத்தான் சொன்னே. பரவால்ல." அக்கா கண்ணை மூடிச் சுவரில் தலையைச் சாய்த்தாள். "எனக்குக் கோவிச்சுக்கக்கூடத் தெம்பு இல்லடி. உண்மையச் சொல்றேன். காலையில பார்சல் தூக்கி, சாயங்காலம் ஸ்பீக்கர் தூக்கி, இடுப்பு விட்டுப்போச்சு. நீ இன்னைக்கு ஓடி ஒளிஞ்சேன்னு வச்சுக்கோ. அடுத்த வருஷமோ அதுக்கடுத்த வருஷமோ உன்னத் தூக்கிட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலையறதும் நானாத்தான் இருப்பேன். மாப்பிள்ளை உக்காந்து அழுவார். தம்பி போன எடுக்கமாட்டான். அதுக்கு எனக்குச் சக்தி இல்ல. ஒரே ஒரு தடவ அலையறேன். திங்கக்கிழமைக்கு லீவு சொல்லியாச்சு. அந்த ஆஸ்பத்திரி வராண்டாவுல நல்ல நாற்காலி போட்டிருக்கான். உன்ன உள்ள அனுப்பிட்டு உக்காந்து தூங்கலாம்னு இருக்கேன். அதுல மண்ணப் போட்டுடாத."

வாயாடி சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறாக மாறியது. அக்காவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அக்கா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். குரல் போகாது என்று சொல்ல அவள் யார்?

"போவியா?"

"பாக்கலாம்" என்றாள் வாயாடி, மூக்கைத் துடைத்துக்கொண்டு.

மேலே போனார்கள். கடைசிப் பாட்டை அரைக் கட்டை இறக்கிக் கேட்டாள். அழுது தொண்டை அடைத்திருந்தது. தம்பி கீபோர்டில் பட்டனைத் தட்டி இறக்கினான். சுமாராகத்தான் வந்தது. இன்னொரு தடவை பாடலாமா என்று யாரும் கேட்கவில்லை.

அன்று வீட்டுக்குப் போய், தம்பி வந்து லேப்டாப்பை வாங்கிக்கொண்டு போவதற்கு முன்னால், பெட்டிக்காரி அந்த முணுமுணுப்பைத் தேடிப் பிடித்தாள். ஒன்றாம் சேனலில் மட்டும் அந்த இடத்தை வெட்டி அழித்தாள். தம்பியும் மாப்பிள்ளையும் வாசித்துப் பழகிக்கொண்டிருப்பது மற்றச் சேனல்களில் அப்படியே இருந்தது.

திங்கட்கிழமை விடிந்ததும் ஆட்டோ பிடித்துத் தங்கை வீட்டுக்குப் போனாள். வீடு பூட்டியிருக்கும், மாப்பிள்ளை தெருத் தெருவாகத் தேடிக்கொண்டிருப்பார் என்றே மனசு சொன்னது. வாசலில் பையை மடியில் வைத்துக்கொண்டு வாயாடி உட்கார்ந்திருந்தாள்.

"என்ன இவ்வளவு நேரம்? நான் போறேன்னாலும் நீ வரமாட்டே போலிருக்கே" என்றாள். அப்போது ஆரம்பித்த பேச்சை அவள் நிறுத்தவே இல்லை. ஆட்டோக்காரரிடம் அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாள். வரவேற்பில் இருந்த பெண்ணிடம் அவள் போட்டிருந்த கம்மலைப் பற்றிப் பேசினாள். தள்ளுவண்டியில் படுக்க வைத்துக் கொண்டுபோகும்போது நர்சிடம் தம்பிக்குப் பெண் இருந்தால் சொல்லச் சொன்னாள். கதவு சாத்திய பிறகும் கொஞ்ச நேரம் அந்தக் குரல் கேட்டது. பெட்டிக்காரி நாற்காலியில் உட்கார்ந்தாள். தூக்கம் வரவில்லை.

கட்டி கெட்டதுதான். ஆனால் வெளியே பரவவில்லை, முழுசாக எடுத்துவிட்டோம் என்றார் டாக்டர். நரம்பை வெட்டவில்லை, கொஞ்சம் நசுங்கியிருக்கிறது. குரலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும், பேசவே கூடாது.

வாயாடி பேசாத வீடு எப்படி இருக்கும் என்று யாரும் யோசித்திருக்கவில்லை. ஒரு தட்டு தட்டினால் ஆமாம், இரண்டு தட்டினால் இல்லை. அவள் கை தட்டும் வேகத்திலேயே திட்டு புரிந்தது. "பேசறப்பவே மேல்" என்றார் புருஷன் ஒருநாள், கண் கலங்க. பிறகு காற்று மட்டும் வந்தது. பிறகு கரகரப்பு. பேச்சுப் பயிற்சிக்கு அக்காவும் புருஷனும் மாறி மாறி அழைத்துப் போனார்கள். மழைக்காலம் முழுவதும் அப்படியே போயிற்று. ஒருநாள் போனில் வந்த குரலைத் தம்பியால் அடையாளம் காண முடியவில்லை. "யாருங்க?" என்று கேட்டுவிட்டு அப்புறம் வெகுநேரம் வருத்தப்பட்டான்.

குரல் வந்தது. பழைய குரல் வரவில்லை. பேசலாம், கத்தலாம், பாட்டில் மேலே போகும்போது ஓர் இடத்துக்குமேல் காற்றாகிவிடும். குழுவுக்கு வங்கியில் வேலை செய்யும் ஒரு பெண்ணைப் பாடக் கூட்டிக்கொண்டார்கள். முதல் சில நிகழ்ச்சிகளுக்கு வாயாடி வரவில்லை. பிறகு வந்து பின்னால் உட்கார்ந்தாள். பிறகு நிகழ்ச்சிக்கு ஒன்றோ இரண்டோ, மேலே போகாத பாட்டாகப் பார்த்துப் பாடினாள். கைதட்டல் வந்தது. முன்பு போல வரவில்லை. அவளுக்கும் அது தெரிந்தது.

பதிவை அவள் கேட்கவே இல்லை. யாரும் எடுத்துக் கொடுக்கவும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அக்கா வீட்டு அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள், "அதைப் போடு பாக்கலாம்" என்றாள்.

"எதை?"

"கம்பளக் கடைய."

தம்பி பிறகு தனக்கே கொடுத்துவிட்ட பழைய லேப்டாப்பைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள் அக்கா. "என்ன மட்டும் போடு" என்றாள் தங்கை. மற்ற சேனல்களை அக்கா ஒவ்வொன்றாக அடைத்தாள். ஒன்றாம் சேனல் மட்டும் ஓடியது. எக்கோ இல்லை, ஒப்பனை இல்லை. மூச்சு இழுப்பது, உதடு பிரிவது எல்லாம் கேட்டது. தங்கை கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது; வெங்காயமாகவும் இருக்கலாம்.

"நல்லாத்தான் பாடியிருக்கேன், இல்ல?" என்றாள் கரகரத்த குரலில்.

"நல்லாத்தான் பாடுவே."

"நான் பேசினது எங்க?"

அக்காவுக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும், "வெட்டிட்டேன்" என்றாள்.

"யாரக் கேட்டு வெட்டினே?"

"தம்பி கேட்டுட்டா? மாப்பிள்ளை கேட்டுட்டா?"

"கேட்டா கேக்கட்டும். நான் பயந்தேன்னு தெரிஞ்சா என்ன ஆயிடும்? அன்னைக்கு ராத்திரியே நான் அவர்கிட்ட சொல்லிட்டேன். அவரும் பயமா இருக்குன்னார். ரெண்டு பேரும் சேர்ந்துதான் பையக் கட்டினோம்." அவளுக்கு உண்மையாகவே கோபம். "பாட்டையெல்லாம் பத்திரமா வச்சிருக்கே. நான் ஒரு தடவ உண்மையப் பேசினேன், அதப் போயி வெட்டியிருக்கே."

"தப்புதான்டி" என்றாள் அக்கா. வேறென்ன சொல்வது? உன்னைக் காப்பாற்றத்தான் வெட்டினேன் என்று சொல்லலாம். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் வெட்டினாளோ என்று அவளுக்கே இப்போது சந்தேகமாக இருந்தது. அதை மறுபடி கேட்க அவளால் முடியாது என்பது மட்டும் நிஜம்.

தங்கை வெங்காயத்தை எடுத்தாள். இரண்டு வெங்காயம் உரிக்கும்வரை கோபம் இருந்தது. பிறகு, "சரி, மத்தவங்களையும் போடு. தனியாக் கேக்க என்னமோ மாதிரி இருக்கு" என்றாள்.

அக்கா ஒவ்வொரு சேனலாகத் திறந்தாள். கீபோர்டு வந்தது, டிரம்ஸ் வந்தது. ஆறாவதையும் திறந்தபோது அறையின் காற்றும், மாப்பிள்ளையின் குச்சி டொக் டொக்கென்று தட்டுவதும், யாரோ தும்முவதும் கேட்டன.

"தம்பி ரெண்டாவது வரியில தப்பு வாசிக்கிறான் பாரு" என்றாள் தங்கை. "அன்னைக்கே சொன்னேன், கேட்டானா?"

அக்கா மேசையில் கையை மடித்து அதன்மேல் கன்னத்தை வைத்தாள். தங்கை தம்பியைத் திட்டிக்கொண்டே இருந்தாள், பாட்டும் ஓடிக்கொண்டிருந்தது. எது எதுவென்று பிரித்துக் கேட்க அக்கா முயலவில்லை. மூன்றாவது பாட்டு ஆரம்பிப்பதற்குள் தூங்கிவிட்டாள்.